தண்டையார்பேட்டையில் ஒரு மாடி கிளினிக்: கரண்ட் வைக்காத பிசியோதெரபி

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் குறுகலான தெரு ஒன்றில், மருந்துக்கடைக்கு மேல் முதல் மாடியில் இயங்குகிறது இந்தப் பிசியோதெரபி கிளினிக். பலகையில் நடத்துபவரின் பெயரும் பட்டமும் மட்டுமே இருக்கின்றன. தம் பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று அந்த அம்மையார் கேட்டுக்கொண்டதால் இங்கும் தவிர்க்கிறேன். தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். வழியில் யாரிடமாவது "கரண்ட் வைக்காத பிசியோ" என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். வலிக்கும் இடத்தில் மின்சாரம் பாய்ச்சும் இயந்திரத்தை இங்கே வைப்பதில்லை என்பதுதான் அதன் பொருள். சிலர் அதைக் கேலியாகச் சொல்கிறார்கள், சிலர் குறையாகச் சொல்கிறார்கள். உடல் முழுவதும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் வலிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகளுக்கு அந்தக் குறைதான் இங்கே போவதற்கான முதல் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் ஏஜென்சியில், நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து, ஏற்றுமதிக்கான சுங்க ஆவணமான ஷிப்பிங் பில் தயாரிப்பது என் வேலை. கழுத்தில் தொடங்கிய வலி தோள், முதுகு, இடுப்பு, கெண்டைக்கால் என்று பரவியது. காலையில் எழும்போதே இரவெல்லாம் கண்விழித்தாற்போன்ற அசதியும், கண்டெய்னர் எண்ணைப் படித்துவிட்டுத் திரையைப் பார்ப்பதற்குள் அது மறந்துபோகிற மந்தமும் சேர்ந்துகொண்டன. இந்தப் பகுதியில் எல்லாரும் போகும் வழியில்தான் நானும் போனேன்: சத்துக்குறைவு என்று பி12 ஊசி, வாயு என்று ஒரு லேகியம், எலும்புத் தேய்மானமாக இருக்கலாம் என்று எக்ஸ்ரே. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. முடிவில் மூட்டு, தசை நோய்களுக்கான மருத்துவர் ஒருவர்தான் நோயின் பெயரைச் சொல்லி, இரவில் போடும் மாத்திரை ஒன்றை எழுதி, மாத்திரையை மட்டும் நம்பியிருந்தால் போதாது, உடற்பயிற்சியைத் தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்.

முதலில் நான் சேர்ந்தது வட சென்னையிலேயே உள்ள வேறொரு மையத்தில். சிட்டிங் கணக்கில் பேக்கேஜாகப் பணம் கட்டியபின், திரை மறைவில் ஒரு கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் நான்கு பட்டைகளை ஒட்டி, தோல் வழியாக மின்சாரம் பாய்ச்சும் ஐ.எஃப்.டி. இயந்திரத்தைப் போட்டுவிட்டு உதவியாளர் போய்விடுவார். சில நாட்களில் வலிக்கும் இடத்தில் ஒலியலை பாய்ச்சும் அல்ட்ராசவுண்ட், சில நாட்களில் மெழுகு ஒத்தடம். படுத்திருக்கும் நேரம் இதமாகவே இருக்கும். பேருந்து ஏறி வீடு சேர்வதற்குள் அந்த இதம் போய்விடும். அந்த இயந்திரங்களின் மேல் எனக்குப் பகையில்லை. ஓரிடத்து வலிக்கு அவற்றால் பயன்பெற்றவர்கள் என் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆனால் ஃபைப்ரோமயால்ஜியாவில் கோளாறு பட்டை ஒட்டும் இடத்தில் இருப்பதில்லை. ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்பான யூலார், 2016-இல் திருத்தி 2017-இல் அச்சிட்ட பரிந்துரைகளில், மருந்துகளையும் மருந்தில்லா முறைகளையும் வரிசையாக எடைபோட்டு, உறுதியான பரிந்துரை என்ற தகுதியை ஒன்றே ஒன்றுக்குத்தான் கொடுத்தது, அது உடற்பயிற்சி. மசாஜுக்கு அந்தப் பட்டியலில் ஆதரவு இல்லை. சர்ஜிக்கல் கடைகளில் வீட்டு உபயோகத்துக்கென்று விற்கப்படும், தோல் வழியாக மின்சாரம் பாய்ச்சும் டென்ஸ் கருவியைப் பற்றியும் இந்த நோயில் ஆய்வுகள் கலவையான முடிவுகளையே தந்திருக்கின்றன. உடற்பயிற்சியைக் கற்பிக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். இயந்திரத்தைப் போட்டுவிட்டுப் போக ஒரு விசை போதும். பெரும்பாலான மையங்கள் ஏன் இயந்திரத்தையே நம்பியிருக்கின்றன என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இந்த மாடி கிளினிக்கில் முதல் நாள் ஏறக்குறைய ஒரு மணி நேரமும் பேச்சும் சோதனையும்தான். மருத்துவரின் சீட்டு இல்லாமல் வருபவர்களைச் சேர்ப்பதில்லை. ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்: தைராய்டுக்கான டி.எஸ்.எச்., அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ரத்த அணுக்களின் எண்ணிக்கை, வைட்டமின் டி. ஃபைப்ரோமயால்ஜியாவை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை எதுவும் மருத்துவமனைகளில் வழக்கத்தில் கிடையாது. தைராய்டுச் சுரப்புக் குறைவும், தொடக்க நிலையிலுள்ள முடக்குவாதமும், வைட்டமின் டி குறைவால் எலும்பு வலுவிழப்பதும் இதேபோன்ற வலியையும் அசதியையும் தரக்கூடும் என்பதால், அவை உள்ளனவா என்று பார்க்கவே இந்தச் சோதனைகள் செய்யப்படுகின்றன. ஒரு நாள் நான் காத்திருந்தபோது, விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் நெடுநேரம் விரல்களை மடக்கவே முடியாமலிருந்த ஒரு பெண் வந்தார். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அவரிடம், "மொதல்ல இத டாக்டர் கிட்ட காட்டிட்டு வாங்கம்மா, வீக்கம் இருந்தா அது வேற கதை" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். எனக்குத் தெரிந்த மையங்களில் வந்த நோயாளியைப் பணம் வாங்காமல் அனுப்பிய ஒரே இடம் இதுதான். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, ஒரு கையிலோ காலிலோ மட்டும் பலவீனம் ஆகியவை உண்டா என்றும் அவர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார். இந்த நோய் இருப்பவருக்கு வேறு நோய் வராது என்ற உத்தரவாதம் ஏதும் இல்லை. புதிதாக வரும் நெஞ்சு வலியையோ மரத்துப்போதலையோ பழைய கணக்கில் எழுதிவிடக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருக்கிறார்.

அடுத்து, மனித உடலின் முன்புறமும் பின்புறமும் வரைந்த தாளைக் கொடுத்து, கடந்த ஒரு வாரத்தில் வலித்த இடங்களையெல்லாம் வண்ணம் தீட்டச் சொல்கிறார். உடலை 19 பகுதிகளாகப் பிரித்து எண்ணும் முறை இது. இதனுடன், அசதி, தூங்கியும் தெளிவில்லாமை, நினைவும் கவனமும் குறைதல் ஆகிய மூன்றையும் தலா 0 முதல் 3 வரை அளந்து, தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு ஆகியவை இருந்தனவா என்பதையும் கூட்டினால், 12-க்கு ஒரு மதிப்பெண் கிடைக்கும். 2010-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் அமைப்பு ஏற்று, 2016-இல் திருத்தம் பெற்ற வரையறையின்படி, 7 பகுதிகளாவது வலித்து மதிப்பெண் 5 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் 4 முதல் 6 பகுதிகள் வலித்து மதிப்பெண் 9 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வலி உடலின் ஐந்து மண்டலங்களில் நான்கிலாவது பரவியிருப்பதும், தொல்லைகள் 3 மாதங்களாவது நீடித்திருப்பதும் கட்டாயம். இதற்கு முன் 1990-இல் வந்த வரையறையில், உடலின் 18 குறிப்பிட்ட புள்ளிகளை ஏறக்குறைய 4 கிலோ அழுத்தத்தில் அமுக்கி, 11 இடங்களிலாவது வலிக்கிறதா என்று பார்த்தார்கள். பரவலான வலியையும் அமுக்கிப் பார்ப்பதையும் மட்டும் நம்பியதால் அசதியும் தூக்கக் கெடுதலும் கணக்கில் வராமல் போயின. தாளை வைத்து நோயின் பெயரைச் சொல்வது மருத்துவரின் வேலை என்று தெளிவாகச் சொல்லிவிடும் இவர், மாதந்தோறும் புதுத் தாளில் வண்ணம் தீட்டவைத்து, பழையதுடன் ஒப்பிடுவதற்காக மட்டுமே அதைப் பயன்படுத்துகிறார். பிறகு மொட்டைமாடியில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு எவ்வளவு தூரம் என்று அளப்பதும், 30 விநாடிகளில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து அமர முடிகிறது என்று எண்ணுவதும் உண்டு.

வலி ஏன் வருகிறது என்பதை அவர் விளக்கும் முறையை மட்டும் தனியாகப் பாராட்ட வேண்டும். ஆடி மாதத்தில் வட சென்னைத் தெருக்களில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது கட்டும் கூம்பு ஒலிபெருக்கியைத்தான் அவர் எடுத்துக்காட்டாகச் சொன்னார். பாடுபவரின் குரல் அதேதான். ஆம்ப்ளிஃபயரின் திருகை ஏற்றிவிட்டிருப்பதால் நான்கு தெருவுக்குக் காது அடைக்கிறது. தசையிலிருந்து புறப்படும் செய்தி எல்லாருக்கும் உள்ளது போன்றதுதான் என்றாலும், தண்டுவடமும் மூளையும் அதைப் பெருக்கிவிடுகின்றன. பேச்சோடு நிறுத்தாமல், இதற்குச் சான்றுகளையும் எளிய தமிழில் சொன்னார். இந்த நோயாளிகளின் தண்டுவட நீரில், வலிச் செய்தியைக் கடத்தும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பொருள் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்ததை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. 2002-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், கட்டைவிரல் நகத்தின் மேல் அழுத்தம் கொடுத்துக்கொண்டே மூளையை ஸ்கேன் செய்தபோது, நோயில்லாதவர்களுக்குக் கூடுதல் அழுத்தத்தில் தூண்டப்பட்ட மூளைப் பகுதிகள் நோயாளிகளுக்குக் குறைந்த அழுத்தத்திலேயே தூண்டப்பட்டன. வலி கற்பனை என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. மூளையிலிருந்து கீழிறங்கி வலியை அடக்கும் நரம்புப் பாதைகளும் இந்த நோயில் சரியாக வேலை செய்வதில்லை. அந்தப் பாதைகள் செரட்டோனின், நார்எபிநெஃப்ரின் ஆகிய வேதிப்பொருள்களைக் கொண்டு இயங்குகின்றன. அதே வேதிப்பொருள்களின் மேல் வேலை செய்யும், மனச்சோர்வுக்கென்று வந்த மருந்தை மனச்சோர்வே இல்லாத எனக்கு மருத்துவர் ஏன் எழுதினார் என்று நான் மனத்துக்குள் வைத்திருந்த குமைச்சல் அன்றுதான் தீர்ந்தது.

மருந்தின் அளவைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்வதில்லை; அது சரியான ஒழுக்கம். ஆனால் எதை எதிர்பார்க்கலாம் என்று சொல்கிறார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த நோய்க்கென்று ப்ரீகாபலினை 2007-இலும், டுலாக்ஸெடினை 2008-இலும், மில்நாசிப்ரானை 2009-இலும் ஏற்றது. அதே மருந்துகளை ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த நோய்க்கென்று ஏற்கவில்லை. சிலருக்கு அவற்றால் நல்ல பயன் உண்டு, பலருக்கு ஓரளவுதான். குறைந்த அளவில் இரவில் தரப்படும் அமிட்ரிப்டிலின் பழைய மருந்து, விலையும் குறைவு. ப்ரீகாபலினால் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் எடை கூடுதலும் வரலாம். எந்த மாத்திரையானாலும் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. மற்றபடி, கீழேயுள்ள மருந்துக்கடையில் சீட்டில்லாமல் டைக்ளோஃபெனாக் கேட்டு நிற்பவர்களில் பாதிப் பேர் மாடிக்கு வருபவர்களாகவே இருப்பது ஒரு வேடிக்கை. அழற்சியைக் குறைக்கும் அந்த மாத்திரைகள் அழற்சியே இல்லாத இந்த நோயில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை; ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும்தான் கேடு.

வகுப்பு மொட்டைமாடியில் தகரக் கூரையின் கீழ் நடக்கிறது. காலையில் சமையல் முடித்துவிட்டு வருபவர்களுக்கு 11 மணிக்கு ஒரு பிரிவு, வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை 7 மணிக்கு ஒரு பிரிவு. என்னுடன் வருபவர்களில் காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார், எம்.சி. ரோடு துணிக்கடையில் நின்றே வேலை செய்யும் பெண் ஒருவர் இருக்கிறார். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-இல் சட்டத்தைத் திருத்திவிட்டது என்றாலும், முகூர்த்த நாட்களில் அந்த நாற்காலியில் யார் உட்கார முடிகிறது என்பது வேறு விஷயம். 2006-இல் பரவிய சிக்குன்குனியாவிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது என்று சொல்பவர்களும் உண்டு. காய்ச்சல், விபத்து, பிரசவம், வீட்டில் ஒரு சாவு என்று ஆளுக்கொரு தொடக்கம் இருக்கிறது. சிலருக்கு எந்தத் தொடக்கமும் நினைவில் இல்லை.

புதியவர்கள் முதல் வகுப்பில் ஏமாந்துபோவார்கள் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடம் மெதுவான நடை, தோளையும் கழுத்தையும் அசைத்தல், சுவரில் கை வைத்துத் தள்ளுதல், நாற்காலியிலிருந்து சில முறை எழுந்து அமர்தல், அவ்வளவுதான். இதற்கா பணம் கட்டினோம் என்று தோன்றும். ஆனால் இந்த நோயில் உடற்பயிற்சி தோற்பதற்கு முதல் காரணம், முதல் வாரத்திலேயே அளவுக்கு மீறிச் செய்துவிட்டு, அடுத்த நாள் எழ முடியாமல் போய், உடற்பயிற்சி நமக்கு ஒத்துக்கொள்ளாது என்று முடிவுகட்டிவிடுவதுதான். அதனால் அவர் வேண்டுமென்றே மிகக் குறைவிலிருந்து தொடங்குகிறார். மறுநாள் வலி வழக்கத்தைவிடக் கூடி, ஒரு நாளுக்கு மேல் நீடித்தால், அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டும். ஆனால் நிறுத்தக் கூடாது. வலி கூடவில்லையென்றால் ஒரு நிமிடமோ ஒரு சுற்றோ மட்டும் ஏற்றலாம். பயிற்சிக்குப் பின் சிறிது வலிப்பது தசை கிழிந்ததன் அறிகுறி ஆகாது என்பதை அவர் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்கிறார். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில், வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், ஒவ்வொரு முறையும் 20 முதல் 30 நிமிடங்கள் என்ற இடத்துக்கு வந்துசேரவே பலருக்கு மாதங்கள் ஆகின்றன. அதன் பிறகே, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்து வலுவூட்டும் பயிற்சிகள். டம்பெல் வாங்கச் சொல்லிச் செலவு வைக்காததை நான் கவனித்தேன்.

எனக்கு வலி போய்விடவில்லை. போய்விடும் என்று அவர் சொல்லவும் இல்லை. இப்போது மெட்ரோ நிலையத்தில் லிஃப்டைத் தேடாமல் நகரும் படிக்கட்டில் ஏறுகிறேன். மாலையில் வீடு வந்ததும் படுக்காமல் சமைக்க முடிகிறது. மாதாந்தரத் தாளில் வண்ணம் தீட்டும் பகுதிகள் குறைந்திருக்கின்றன. மறதி மட்டும் அப்படியேதான் இருக்கிறது. அதற்கென்று இங்கே தனியாக எதுவும் இல்லை.

உடற்பயிற்சியைவிட எனக்கு உதவியது வேலைகளைப் பங்கிட்டுச் செய்யும் பாடம். வலி குறைவாக இருக்கும் நாளில் சேர்த்துவைத்த வேலைகளையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, அடுத்த இரண்டு நாட்கள் படுத்துவிடுவது இந்த நோயாளிகள் எல்லாருக்கும் உள்ள பழக்கம். இங்கே ஒவ்வொருவரையும் ஒரு வாரத்துக்குத் தாம் செய்யும் வேலைகளை எழுதிக்கொண்டு வரச் சொல்கிறார். எழுதத் தெரியாதவர்களிடம் கேட்டு அவரே எழுதுகிறார். அந்தக் குறிப்பில் பெரும்பாலும் முதலிடம் பிடிப்பது தண்ணீர். அடிபம்பை எத்தனை நேரம் அடிக்கிறீர்கள், எத்தனை குடம், எத்தனை மாடி, இடுப்பிலா தலையிலா என்று அவர் கேட்கும்போது, இவர் இந்தப் பகுதிக்காரர்தான் என்பது புரியும். லாரி வரும் நாளில் குடத்தைப் பாதி நிரப்பி இரண்டு நடை போவது, பம்பு அடிக்கும்போது கை மாற்றிக்கொள்வது, இடுப்பின் ஒரே பக்கத்தில் வைக்காமலிருப்பது, மாவு அரைக்கும் நாளில் துணி துவைக்காமலிருப்பது என்று தீர்வுகள் எல்லாம் சிறியவை. வேலையை வலி வந்தபின் நிறுத்துவதற்குப் பதில், கடிகாரத்தைப் பார்த்து, வலி வருவதற்கு முன்பே நிறுத்தி உட்கார வேண்டும் என்பது மட்டும் பழகக் கடினமானது. அலுவலகத்தில் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நிற்க நான் தொடங்கியபோது மேலாளர் முகம் சுளித்தார். ஷிப்பிங் பில்லில் பிழை குறைந்ததும் ஒன்றும் சொல்வதில்லை. வீட்டில்தான் கடினம். பாதிக்குடத்தோடு வரும் மருமகளை மாமியார் என்ன சொல்வார் என்று வகுப்பில் ஒருவர் கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை.

அதற்காகவே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டாரை அழைத்துவரச் சொல்கிறார். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. வெளியே வீக்கமில்லை, காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயில் குறையில்லை என்பதால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. "நல்லாத்தானே இருக்கே, சும்மா படுத்துக்கிற" என்ற சொல்லை வகுப்பில் கேட்காதவர் யாரும் இல்லை. அந்த ஞாயிறன்று அவர் வீட்டாரிடம் அறிவுரை சொல்வதில்லை. மேலே சொன்ன மூளை ஸ்கேன் ஆய்வை விளக்கிவிட்டு, வண்ணம் தீட்டிய தாள்களை அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறார். என் கணவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாளிலிருந்து தண்ணீர் பிடிப்பதைத் தாம் எடுத்துக்கொண்டார். எல்லா வீட்டிலும் இப்படி நடப்பதில்லை. ஆண்கள் பாதிக்கும் குறைவாகவே வருகிறார்கள். வந்தவர்களிலும் சிலர் வாசலில் கைபேசியோடு நின்றுவிடுகிறார்கள்.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது தூக்கம். இந்த நோயில் தூக்கத்துக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு பழைய செய்தி. 1975-இலேயே கனடாவில், நோயில்லாதவர்களின் ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் தொடர்ந்து கலைத்துப் பார்த்தபோது, அவர்களுக்கும் உடல்வலியும் அசதியும் வந்தன. அப்படியிருக்க, இங்கே தூக்கத்துக்குக் கிடைப்பது அரைப் பக்கத் தாள் ஒன்றுதான். மாலைக்குப் பிறகு டீ குடிக்காதீர்கள், ஒரே நேரத்தில் படுங்கள், படுக்கையறையில் தொலைக்காட்சி வேண்டாம் என்று அதில் எழுதியிருக்கிறது. வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் படுக்கையறை என்று ஒன்று தனியாக ஏது? கணவருக்கு மணலியில் இரவு ஷிஃப்ட் என்றால் ஒரே நேரம் ஏது? குடத்தைப் பற்றி அவ்வளவு நுணுக்கமாகக் கேட்கத் தெரிந்தவர் படுக்கையைப் பற்றி ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. இரண்டாவது, மனநலம். எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் உளவியல் சிகிச்சையால் இந்த நோயில் பயனுண்டு என்று யூலார் பரிந்துரையிலேயே இருக்கிறது. தனியாக உளவியலாளர் வைத்துக்கொள்ள முடியாத சிறு கிளினிக்கிடம் அதை எதிர்பார்க்க முடியாதுதான். ஆனால் யாரிடம் போகலாம் என்று ஒரு முகவரியாவது கொடுக்கலாம். வகுப்பில் அழுதுவிடும் பெண்களுக்கு இப்போது கிடைப்பது ஒரு குவளைத் தண்ணீரும் பக்கத்திலிருப்பவரின் தோளும்தான்.

மூன்றாவது, பணம் வாங்கும் முறை. முதல் நாள் மதிப்பீட்டுக்கு 500 ரூபாய், குழு வகுப்புக்கு மாதம் 1,800 ரூபாய் என்பது இந்தப் பகுதிக்கு நியாயமான கட்டணமே. ஆனால் மாதத் தொகையை முன்பே கட்டிவிட வேண்டும். வராத நாட்களுக்குப் பணம் திரும்பாது. திடீரென்று சில நாட்கள் வலி ஏறி எழவிடாமல் செய்வதுதான் இந்த நோயின் இயல்பு என்று வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்த நாட்களுக்கும் சேர்த்துப் பணம் பிடிப்பது முரண். இதை நான் நேரிலேயே சொன்னேன். யோசிக்கிறேன் என்றார், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். வெளிநோயாளிப் பிசியோதெரபிக்கு என் அலுவலகக் காப்பீட்டில் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. சேர்வதற்கு முன் அவரவர் காப்பீட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. நான்காவது, படி. செங்குத்தான, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும் உள்ள படிக்கட்டு. முழங்கால் வலியோடு வருபவர்கள் ஏறி முடித்ததும் வகுப்பே முடிந்துவிட்டது போல் உட்கார்ந்துவிடுகிறார்கள். வீட்டில் செய்யத் தரும் பயிற்சித் தாள்கள் ஆங்கிலத்தில் இருப்பதும் சரியில்லை. படம் இருப்பதால் சமாளிக்கலாம். ஆனால் எத்தனை முறை, எப்போது நிறுத்துவது என்பவை எழுத்தில்தான் இருக்கின்றன. மாலை வகுப்பின்போது பக்கத்து வெல்டிங் பட்டறைச் சத்தம் வேறு. ஒலியும் வெளிச்சமும்கூடத் தாங்க முடியாமல் போவது இந்த நோயாளிகளில் பலருக்கு உண்டு என்பதால் இதைச் சிறிய குறையென்று தள்ள முடியவில்லை. இத்தனைக்கும் பிறகு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். கட்டண முறையை மாற்றினால் இன்னும் அரை கூட்டலாம்.

இயந்திரத்தில் படுத்து எழுந்தால் வலி இறங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த இடம் பிடிக்காது. மாதக் கட்டணம் கட்ட இயலாதவர்கள், சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் மூட்டு, தசை நோய்களுக்கென்று உள்ள தனித்துறையில் காட்டலாம். பழைய சிறைச் சாலையிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை நமக்கு இன்னும் அருகில். படுத்த படுக்கையாக உள்ள முதியவர்கள் வீட்டில் இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வந்து செய்யப்படுகிறது. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

மாடி கிளினிக்குக்குப் போவதென்றால் மருத்துவர் சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவுகள், இப்போது போடும் மாத்திரைகளின் அட்டை ஆகிய மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார். புதியவர்களை வார நாட்களில் பிற்பகல் 3 மணிக்கு மேல்தான் பார்க்கிறார். புடவையில் வந்தாலும் வகுப்பு நடக்கும், சுடிதாரில் வந்தால் எளிது. மழை நாட்களில் மொட்டைமாடியில் தண்ணீர் தேங்குவதால் வகுப்பு இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.